நான்தான் ஏத்தினன்

நாலைந்து வருடங்களுக்கு முன்னால், வறண்ட கச்சான் காற்று அடித்துக்கொண்டிருந்த ஒரு கோடையில் நடந்தது இது. கல்முனைப் பக்கத்தில் ஒரு உள்ளூராட்சி சபையில் நான் கிளார்க்காக வேலை செய்கிறேன். எங்கள் ஊழியர் சங்கத்துக்கு நான்தான் செயலாளர். இந்தப் பதவியை நான் கேட்டு வாங்கவில்லை. ஒரு கூட்டத்தில் கொஞ்சம் சத்தமாகக் கதைத்துவிட்டேன், "அப்ப நீங்களே இரிங்க" என்று என் தலையில் கட்டிவிட்டார்கள். என்ட வாய் சும்மா இருந்தால்தானே! "நீ என்னக் கட்டியிருக்கியா, சங்கத்தக் கட்டியிருக்கியா?" என்று என் கணவர் இன்றைக்கும் கேட்பார்.

சங்கம் என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். ஆள் மௌத்தானால் மரண உதவிக் காசு, ஓய்வு பெற்றால் ஒரு மாலையும் சுவர் மணிக்கூடும், வருடத்துக்கு ஒரு சுற்றுலா, அந்தச் சுற்றுலாவில் இறைச்சித் துண்டு யாருக்குக் குறைந்தது என்று அடுத்த சுற்றுலா வரைக்கும் சண்டை. இவ்வளவுதான் நாங்கள்.

அந்த வருடப் பொதுக்கூட்டத்தில் நான் ஒரு யோசனை சொன்னேன். பக்கத்துச் சபை ஒன்றில் ஒரு சாரதி, வழக்கொன்றில் மாட்டி, முடியும் வரைக்கும் தன்னந்தனியாக அலைந்த கதை என் காதுக்கு வந்திருந்தது. சபை வாகனத்துக்குக் காப்புறுதி இருக்கிறது, ஓட்டுகிற மனிசனுக்கு ஒன்றும் இல்லை. அதனால் வேலை நேரத்தில் எங்கள் ஆட்களுக்கு வழக்கு ஏதும் வந்தால் சட்டத்தரணி வைக்க ஒரு நிதி தொடங்குவோம், சம்பளத்தில் மாதம் ஒரு சின்னத் தொகை வெட்டினால் போதும் என்றேன்.

ஏதோ கெட்ட வார்த்தை சொல்லிவிட்டதுபோல எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். எங்கள் சங்கத் தலைவர் சபையின் களஞ்சியப் பொறுப்பாளர். நல்ல மனிசன், ஆனால் சகுனம் பார்ப்பதில் ஆள் பொல்லாதவர். "வழக்கு நிதியா? ஏன்கா, உங்கட வாயில நல்ல வார்த்த வராதா? பேர வெச்ச அண்டைக்கே வழக்கு வாசல்ல வந்து நிக்கும்" என்றார். ஆட்கள் சிரித்தார்கள். அதற்கு மேலே எழும்பி நின்று எதிர்த்தது எங்கள் பவுசர் சாரதி.

அவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். பாண்டிருப்பைச் சேர்ந்தவர், ஐம்பதை நெருங்குகிற வயது, நான் அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். கோடையில் கிணறு வற்றிய இடங்களுக்குக் குடிதண்ணீர் கொண்டுபோய்க் கொடுக்கிற பவுசர் அவர் கையில். அந்தப் பவுசரை அவர் கழுவுகிற மாதிரி என் பிள்ளைகளை நான் குளிப்பாட்டியதில்லை. பெருமையும் அதற்கேற்ற மாதிரித்தான் இருக்கும்.

"தங்கச்சி, நான் ஸ்டியரிங்கில கை வெச்ச நாள்ல இருந்து ஒரு கோழிக்குஞ்சக்கூடத் தட்டல்ல. ஒழுங்கா ஓடத் தெரியாதவனுக்கு நான் ஏன் காசு கட்டணும்?" என்று கேட்டார். கைதட்டல் வேறு. என் யோசனை அந்தக் கைதட்டலோடு முடிந்தது. எனக்கு வந்த கோபத்தில் அன்றைக்குத் தந்த கேக்கைக்கூடச் சாப்பிடாமல் வீட்டுக்கு வந்தேன்.

இரண்டு மாதம் போயிருக்கும். ஒருநாள் இரவு இஷாத் தொழுகை முடித்து எழும்பினால் என் போன் துடித்துக்கொண்டு கிடக்கிறது. அலுவலகக் குழுமத்தில் யாரோ பேஸ்புக்கில் இருந்து எடுத்த படமொன்றைப் போட்டிருந்தார்கள். ஆஸ்பத்திரி வாசலில் எங்கள் பவுசர். பக்கத்தில் எங்கள் அண்ணன், சேர்ட்டெல்லாம் இரத்தம். மேலே கொட்டை எழுத்தில், 'தண்ணீர் பவுசர் மோதிக் குடும்பஸ்தர் படுகாயம்'.

அடுத்த நாள் காலையில் அவருடைய மனைவி அலுவலகத்துக்கு வந்தார். விடியமுன் இடியப்பம் அவித்துக் கடைகளுக்குக் கொடுக்கிறவர், அன்றைக்கு அவித்த மாவு கையில் காய்ந்திருக்க அப்படியே ஓடி வந்திருந்தார். அவரை என் மேசைக்குப் பக்கத்தில் இருத்தித் தண்ணீர் கொடுத்தேன். அவர் சொன்னதில் இருந்துதான் நடந்தது எங்களுக்குத் தெரியவந்தது.

நற்பிட்டிமுனைப் பக்கம் வயல்வெளி ரோட்டில் மோட்டார் சைக்கிளில் போன ஒருவர் தலையில் அடிபட்டு நினைவில்லாமல் ஆஸ்பத்திரியில் கிடக்கிறார். அண்ணன்தான் பவுசரில் கொண்டுபோய்ச் சேர்த்திருக்கிறார். செய்தி கேட்டு ஓடி வந்த அந்த மனிதரின் தம்பி, ஆஸ்பத்திரி வாசலில் நின்று யார் ஏத்தியது என்று சத்தம் போட்டுக் கேட்டிருக்கிறார். அண்ணன் முன்னால் வந்து, "நான்தான் ஏத்தினன்" என்று சொல்லியிருக்கிறார். அங்கே நின்ற அத்தனை பேரும் கேட்டிருக்கிறார்கள்.

"பொலிஸ்லயும் அதத்தான் சொல்லியிருக்காரு தங்கச்சி. நீதானே ஏத்தின எண்டு கேக்க, ஓம் எண்டிருக்காரு. ஏத்திட்டு என்ன செய்த எண்டு கேக்க, ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வந்தன் எண்டிருக்காரு. எனக்குத் தூரத்தில இருந்து, பயப்புடாத, நான் ஒரு பிழையும் செய்யல்ல எண்டு மட்டும் சொன்னாரு. பிழை செய்யல்லெண்டா பிறகேன் ஏத்தினன் எண்டு சொல்லணும்?"

எனக்கும் விளங்கவில்லை. கோழிக்குஞ்சைக்கூடத் தட்டாத மனிசன், ஒரு ஆளில் வாகனத்தை ஏத்திவிட்டு, அதையும் ஊருக்கு முன்னால் ஒத்துக்கொண்டு நிற்கிறார். அன்றைக்கே நீதிமன்றத்தில் நிறுத்தினார்கள். அவருக்காகக் கதைக்க அங்கே ஒருவரும் இல்லை. விழுந்தவருக்கு இன்னும் நினைவு திரும்பவில்லை என்றதும் அடுத்த தவணை வரைக்கும் விளக்கமறியலில் வைக்கச் சொல்லிவிட்டார்கள். அங்கேயும் மனைவிக்கு அவரோடு மனம்விட்டுக் கதைக்க வாய்க்கவில்லை.

பவுசரைப் பார்த்தால் தெரியாதா, மோதிய அடையாளம் இருக்காதா என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் கேட்டேன். அண்ணன் எவ்வளவுதான் கழுவித் துடைத்தாலும் அது எனக்கு முன்னாலேயே சபைக்கு வந்த பவுசர். நெளிவில்லாத இடம் அதில் எங்கே இருக்கிறது? முன் பம்பர் நாய் கடித்த செருப்பு மாதிரி இருக்கும். வாகனப் பரிசோதகரின் அறிக்கை வரச் சுணங்கும் என்றார்கள்.

மேலதிகாரியிடம் போனேன். சபை பவுசரைப் பார்த்துக்கொள்ளும், சாரதியின் வழக்கு சாரதியுடையது, விதி அப்படித்தான் என்றார். வழக்கு முடியும் வரைக்கும் வேலையில் இருந்தும் நிறுத்தியாகிவிட்டது. அந்த மனிதருக்கு ஏதும் ஆகிவிட்டால் வழக்கு இன்னும் பெரிதாகும், அண்ணனுடைய வேலையும் அதோடு போய்விடும். இன்னொரு பயமும் இருந்தது, அதை யாரும் வாய் திறந்து சொல்லவில்லை. ஓட்டியவர் தமிழர், விழுந்தவர் முஸ்லிம். எங்கள் பக்கத்தில் இப்படி ஒன்று நடந்தால் ஆட்கள் காயத்தைக் கேட்கமுன் பெயரைக் கேட்பார்கள். அந்த பேஸ்புக் படத்துக்குக் கீழே ஆட்கள் எழுதியதை நான் பாதியோடு நிறுத்திவிட்டேன், வாசிக்க முடியவில்லை.

அண்ணனின் மனைவி அன்றைக்குக் காலையில் என் மேசைக்குப் பக்கத்தில் இருந்து எழும்பும்போது ஒன்று சொன்னார். "இந்த மனிசன் வெளிய வந்தா, இனி ரோட்டில ஆரு விழுந்து கிடந்தாலும் பாக்காமப் போங்க எண்டுதான் சொல்லப்போறன்." அது என் மனதில் போய்க் குத்திக்கொண்டது. நான் உடனே சங்கத்தைக் கூட்டச் சொன்னேன்.

கூட்டம் பவுசர் நிறுத்துகிற கொட்டகையில் நடந்தது. மண்டபத்தில் வேறு நிகழ்ச்சி. பவுசர் பொலிஸ் வளவில் நின்றதால் கொட்டகை வெறுமையாகக் கிடந்தது. பவுசர் நிற்கிற இடத்தில் தண்ணீர் சொட்டிச் சொட்டிப் பாசி பிடித்த நிலத்தைச் சுற்றி நாங்கள் நின்றோம், அதற்கு மேலே யாரும் கதிரை போடவில்லை. கச்சான் காற்றுக்கு மேலே தகரம் அடித்துக்கொண்டிருந்தது, அதனால் எல்லோரும் கத்தித்தான் கதைத்தோம். தகரம் அடிக்காவிட்டாலும் நான் கத்தியிருப்பேன்.

நிதி இப்போதே தொடங்குவோம், முதல் வழக்காக இதை எடுப்போம் என்றேன். தலைவர் தலையைச் சொறிந்தார்.

"தங்கச்சி, அவர் செய்யல்ல எண்டு சொன்னா நானே முன்னுக்கு வருவன். அவரே ஒத்துக்கிட்டாரே! குத்தம் செஞ்சவருக்கு நாம சட்டத்தரணி வெச்சா ஊர் நம்மளக் காறித் துப்பும்."

"அதோட அவருதானே இந்த நிதியே வேணாமெண்டு எழும்பி நிண்டவரு" என்று பின்னால் இருந்து ஒரு குரல். இதற்கும் இரண்டு பேர் சிரித்தார்கள்.

எனக்கு அடக்க முடியாமல் வந்துவிட்டது. "மரண உதவிக் காசு குடுக்கக்குள்ள, மௌத்தானவர் நல்லவரா கெட்டவரா எண்டு விசாரிச்சுட்டா குடுக்கிற? சந்தூக்கில ஏறினாத்தான் இந்தச் சங்கம் திரும்பிப் பாக்குமா? உசிரோட நிண்டு தடுமாறுற மனிசனுக்கு ஒண்டும் இல்லையா? அவர் ஏத்தினாரா இல்லையா எண்டு பாக்கத்தானே கோர்ட்டு இருக்கு. அவர் பக்கத்தச் சொல்ல ஒரு ஆள் வேணும், அதத்தான் கேக்குறன்!"

சொல்லி முடித்த பிறகு எனக்கே கொஞ்சம் பயமாகப் போய்விட்டது. மௌத்தானவரைத் தூக்கிப்போகிற சந்தூக்குப் பெட்டியை எல்லாம் இழுத்திருக்கத் தேவையில்லை. தலைவர் பவுசர் நிற்கிற அந்த வெறும் இடத்துக்கு வந்தார். பிறகு தோளில் கிடந்த துண்டை எடுத்து, பாசி பிடித்த அந்த நிலத்திலேயே விரித்து, தன் சேர்ட் பையைத் துழாவினார். பள்ளிவாசலில் ஏதும் தேவைக்குக் காசு சேர்க்கத் துண்டு விரிக்கிற மாதிரியே. ஒவ்வொருவராக வந்து குனிந்துவிட்டுப் போனார்கள். பின்னால் இருந்து குரல் விட்டவரும்தான். எனக்கு அழுகை வந்துவிட்டது. மூக்கைச் சிந்துகிற சாட்டில் கொஞ்சம் அப்பால் போய் நின்றுகொண்டேன்.

அதற்குப் பிறகு விதிகள் எழுத இருந்தோம். அதில் பட்ட பாட்டை ஏன் கேட்கிறீர்கள்! களவு வழக்கு என்றால் கொடுப்பதா, லஞ்சம் என்றால் என்ன செய்வது, வேலை முடிந்து வீட்டுக்குப் போகிற வழியில் நடந்தால் அது வேலை நேரமா, வீட்டில் மனைவியோடு அடிபட்டு வழக்கு வந்தால்? கடைசிக் கேள்வியைக் கேட்டவரை எல்லோரும் ஒரு மாதிரியாகப் பார்க்க, அவர் "சும்மா ஒரு விளக்கத்துக்குக் கேட்ட" என்று இருந்துவிட்டார். வேலையால் வந்த எந்த வழக்குக்கும் சட்டத்தரணி வைப்பது, குற்றம் நிரூபணமானால் செலவைத் தவணையில் திருப்பித் தரவேண்டும் என்று ஒருவழியாக முடிவானது. பெயர் 'உறுப்பினர் சட்டப் பாதுகாப்பு நிதி'. வழக்கு என்ற சொல் வரக்கூடாது என்பதில் தலைவர் உடும்புப்பிடியாக நின்றுவிட்டார்.

சட்டத்தரணியாக எங்களுக்குக் கிடைத்தது காரைதீவைச் சேர்ந்த ஒரு பெண் பிள்ளை. வழக்குப் பேசத் தொடங்கி அதிக காலம் இல்லை. பார்க்கச் சின்னப் பிள்ளை மாதிரி இருந்தார். இவ்வளவு பாடுபட்டு இந்தப் பிள்ளையிடமா கொடுக்கிறோம் என்று தலைவர் என் காதுக்குள் முணுமுணுத்தார்.

நான் நடந்ததை எல்லாம் சொன்னேன். அந்தப் பிள்ளை ஒன்றையும் குறுக்கே கேட்கவில்லை. முடிவில் மட்டும், "அவர்ட வாயால வந்த சொல் என்ன அக்கா? மாத்தாம அப்பிடியே சொல்லுங்க" என்றார்.

"நான்தான் ஏத்தினன்."

அவர் அதைத் தனக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தார். பிறகு இன்னொருமுறை. "சரி, நான் அவரப் போய்ப் பாத்துட்டு வாறன்" என்றார். மறியலில் போய் அண்ணனைப் பார்த்துவிட்டு வந்த பிறகும் எங்களுக்கு ஒன்றும் விளக்கவில்லை. தவணை நாளில் விழுந்தவருடைய தம்பி கட்டாயம் நீதிமன்றத்துக்கு வருவாரா என்று மட்டும் விசாரிக்கச் சொன்னார். எனக்கு எரிச்சல். குற்றம் சாட்டுகிறவன் வரக்கூடாது என்று நாங்கள் அல்லாஹ்விடம் துஆ கேட்டுக்கொண்டிருக்கிறோம், இந்தப் பிள்ளை வரவேண்டும் என்கிறதே, எங்களை ஏமாற்றிப் பேய்க்காட்டுகிறதா என்று நினைத்தேன்.

தவணை நாள் வந்தது. தலைவர், நான், அண்ணனின் மனைவி மூன்று பேரும் பின் வாங்கில் ஒட்டிக்கொண்டு இருந்தோம். கூண்டில் வந்து நின்ற அண்ணனைப் பார்க்க முடியவில்லை. தாடி வளர்ந்து, கன்னம் ஒட்டி, கும்பிட்ட கை கும்பிட்டபடி நின்றார். நான் வாய்க்குள் ஓதிக்கொண்டே இருந்தேன், பக்கத்தில் அவர் மனைவியும் கண்ணை மூடி எதையோ சொல்லிக்கொண்டிருந்தார். மற்றப் பக்கத்தில் அந்தத் தம்பி. நான் ஒரு சண்டியனை எதிர்பார்த்திருந்தேன். நித்திரை இல்லாமல் கண் சிவந்த, சேர்ட் பொத்தானை மாறிப் போட்டுக்கொண்டு வந்த ஒரு பாவப்பட்ட மனிசன்தான் அங்கே இருந்தார்.

எங்கள் பிள்ளை பிணை கேட்டார். பாதிக்கப்பட்டவர் தரப்பில் ஆட்சேபம் உண்டா என்று நீதவான் கேட்க, தம்பி எழும்பினார். "என்ட காக்கா இன்னும் கண் முழிக்கல்ல ஐயா. இவரு ஏத்தினன் எண்டு எனக்கிட்டயே சொன்னவரு. இப்ப இல்லயெண்டு மாத்திக் கதைக்கப் பாக்காங்க" என்றார். காக்கா என்றால் எங்களில் மூத்த சகோதரன். எனக்கு அவரிலும் பாவமாக இருந்தது.

எங்கள் பிள்ளை நீதவானிடம் அனுமதி வாங்கி, அந்தத் தம்பியிடம் மெதுவாகக் கேட்டார்.

"நீங்க அவருக்கிட்டக் கேட்ட சொல்ல அப்பிடியே சொல்லுங்க."

"ஆரு ஏத்தினது எண்டு கேட்டன்."

"அவர் என்ன சொன்னார்?"

"நான்தான் ஏத்தினன் எண்டாரு."

"நீங்க என்னத்த நினைச்சுக் கேட்டீங்க?"

"என்னத்த நினைக்கிற? காக்காவுக்கு மேல வாகனத்த ஏத்தினது ஆரெண்டுதான்."

பிள்ளை கூண்டுப் பக்கம் திரும்பினார். "நீங்க அந்த மனுசன எதில ஏத்தினீங்க?"

அண்ணனுக்கு இப்படி ஒரு கேள்வி ஏன் வருகிறது என்றே விளங்கவில்லை. நிமிர்ந்து பார்த்துச் சொன்னார்: "பவுசர்லதான் மிஸ். முன் சீட்டில. ரோட்டோரம் விழுந்து கிடந்தவர, பவுசர நிப்பாட்டி, இந்தக் கையால தூக்கி ஏத்தினன். தண்ணித் தாங்கிக்கு மேலயா ஏத்தேலும்?"

நீதிமன்றத்தில் எங்கோ ஒருவர் "அடடே" என்றார். முன் வாங்கில் இருந்த சட்டத்தரணிமார் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தார்கள். நீதவான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், அவர் உதட்டிலும் ஒரு சிரிப்பு வந்து போனதை நான் பார்த்தேன். ஒருவர் மோதியதைக் கேட்க, மற்றவர் தூக்கி வண்டியில் வைத்ததைச் சொல்லியிருக்கிறார். பொலிஸிலும் அதே சொல், அதே ஓம். ஏத்திவிட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வந்தேன் என்றால் எந்தப் பொருளில் எடுத்தாலும் சரியாகத்தானே வருகிறது! பிறந்ததில் இருந்து இதே பாஷையைக் கதைக்கிற நாங்கள் இவ்வளவு பேர், மனைவி, தலைவர், நாள் முழுக்கக் கடிதம் எழுதுகிற நான், ஒருவருக்கும் இது மண்டையில் ஏறவில்லை.

அந்தத் தம்பி அப்படியே தலையில் கை வைத்துக்கொண்டார். "யா அல்லாஹ்! தூக்கி ஏத்தினதயா சொன்னீங்க?"

"வேற என்னத்த தம்பி? நீங்க ஆரு ஏத்தினது எண்டு கேக்க, நன்றி சொல்லக் கேக்கிறீங்களெண்டு நினைச்சித்தான் முன்னுக்கு வந்தன்" என்றார் அண்ணன்.

இதைக் கேட்டதும் என் பக்கத்தில் இருந்த அவர் மனைவி வாய் விட்டு அழுதுவிட்டார். பொலிஸ்காரர் சத்தம் போட வேண்டாம் என்று கை காட்டினார், ஆனால் கோபமாகக் காட்டவில்லை. தம்பி திரும்பவும் எழும்பி, தனக்கு ஆட்சேபம் இல்லை என்றார். பிணை கிடைத்தது. தலைவர் கண்ணை மூடிக்கொண்டு "அல்ஹம்துலில்லாஹ்" என்று சொன்ன சத்தம் நீதவானுக்கே கேட்டிருக்கும். என் நெஞ்சில் அத்தனை நாளும் இருந்த பாரம் எங்கே போனதென்றே தெரியவில்லை.

வெளியில் வந்ததும் அண்ணன், தன் மனைவியைப் பார்க்கமுன், எங்களைப் பார்க்கமுன், அந்தத் தம்பியிடம்தான் போனார். "காக்காவுக்கு இப்ப எப்பிடி?" என்று கேட்டார். தம்பி இரண்டு கையாலும் அண்ணனுடைய கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு எதிரில் இருந்த தேநீர்க் கடைக்கு எல்லோரையும் இழுத்துப் போனார். இஞ்சி போட்ட பிளேன்டீ. அப்படி ஒரு பிளேன்டீயை நான் இன்றைக்கு வரைக்கும் குடித்ததில்லை. அந்தக் கடையிலேயே இருந்து, தம்பி தன் போனில் அந்தப் பழைய படத்தைத் தேடி எடுத்து, கீழே தன் கையாலேயே எழுதினார்: இந்த மனிசன்தான் என்ட காக்காவக் காப்பாத்தினவர். அதற்குப் பிறகு அங்கே வேறு யாரும் கெட்டதாக எழுதவில்லை.

கொஞ்ச நாளில் அந்தக் காக்காவுக்கு நினைவு திரும்பியது. முதல் கேட்டது தன் மோட்டார் சைக்கிளைத்தானாம். இரண்டாவது, "அந்த மாட்டுக்கு என்ன நடந்த?" என்று கேட்டிருக்கிறார். வயலில் இருந்து ஏறி வந்த மாடொன்று இருட்டுப் படுகிற நேரத்தில் குறுக்கே பாய்ந்திருக்கிறது. பரிசோதகரின் அறிக்கையும் பவுசரில் புதிதாக மோதிய அடையாளம் எதுவும் இல்லை என்று வந்தது. வழக்கு முடிந்தது, அண்ணன் பவுசருக்குத் திரும்பினார். அன்றைக்கு அதை அவர் கழுவிய கழுவலில் முற்றமெல்லாம் குளமாகிவிட்டது.

அடுத்த பொதுக்கூட்டத்தில் நிதிக் கணக்கு வாசிக்கும்போது அண்ணன் எழும்பினார். நான் கணக்குப் புத்தகத்தை மூடிவிட்டேன், இந்த மனிசன் திரும்பவும் என்ன சொல்லப்போகிறாரோ என்று. "நிதி நல்லம். ஆனா இந்தப் பேரு வாயில நுழையுதில்ல" என்றார். இன்றைக்குக் கடிதங்களில் அது சட்டப் பாதுகாப்பு நிதிதான். ஆனால் சம்பள நாளில் வந்து, "தங்கச்சி, ஏத்துக்காசு வெட்டியாச்சா?" என்றுதான் எங்கள் ஆட்கள் கேட்பார்கள். புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் இது என்ன காசு என்று முழிப்பார்கள். அவர்களை உட்கார வைத்து முழுக் கதையையும் சொல்லாமல் தலைவர் விடமாட்டார். தன் துண்டை விரித்த இடம் வரும்போது குரலைக் கொஞ்சம் உயர்த்திக்கொள்வார்.

போன கோடையில் ஒருநாள் நான் வேலை முடிந்து வெளிக்கிடுகிற நேரம் அண்ணனிடம் இருந்து அழைப்பு வந்தது. பின்னால் பவுசர் இரைகிற சத்தம். "தங்கச்சி, இஞ்ச ரோட்டில ஒரு வயசாளி சைக்கிளோட விழுந்து கிடக்காரு. நான் அவர ஏத்துறன். விளங்குதா? வாகனத்துக்கு உள்ள ஏத்துறன், மேல இல்ல. நேரத்தப் பாத்துக்கங்க, நீங்கதான் சாட்சி" என்று சொல்லிவிட்டு என் பதிலுக்குக்கூட நிற்காமல் வைத்துவிட்டார். அலுவலகத்தில் எல்லோரும் திரும்பிப் பார்க்கிற அளவுக்கு நான் சிரித்தேன், சிரித்துக்கொண்டே இருக்கும்போது கண் நிறைந்துவிட்டது.

அவர் மனைவி அன்றைக்கு என் மேசைக்குப் பக்கத்தில் இருந்து சொன்னது எனக்கு ஞாபகம் வந்தது. இனிப் பாக்காமப் போங்க என்று அவர் சொல்லித்தான் இருப்பார். ஆனாலும் அண்ணன் இன்றைக்கும் பிரேக்கை மிதிக்கிறார், தான் விழுந்தால் தன்னையும் ஏத்த ஆட்கள் இருக்கிறார்கள் என்ற தைரியத்தில் மிதிக்கிறார். அந்தத் தைரியத்துக்குத்தான் நாங்கள் மாதா மாதம் ஏத்துக்காசு கட்டுகிறோம் என்று நினைக்கிறபோது, என் வாய் அன்றைக்குச் சும்மா இல்லாமல் போனது நல்லதுக்குத்தான் என்று தோன்றும்.